கத்தியைக் கழற்றிவிட்டு வாங்கிய குறடு

என் மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டாள். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற ரோட்டோரத்தில் நாங்கள் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தோம். சோடா, பீடி, வாழைப்பழம், வர்க்கி, அவ்வளவுதான் எங்கள் வியாபாரம். அவளுக்கு அது பட்டறை. சோடா ஓப்பனரால் டார்ச் லைட்டை நெம்புவாள், எலுமிச்சம்பழம் அறுக்கிற கத்தியால் கடிகாரத்தின் முதுகைத் திறப்பாள். மலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர் ஒருவர் சோடா குடிக்க இறங்கும்போதெல்லாம், "உங்க பொண்ணுகிட்ட பஸ்ஸ வுட்டுட்டுப் போனா சாயங்காலம் எனக்கு ஸ்டீரிங் மட்டுந்தான் மிஞ்சும் போலக்குது" என்பார். பேசுகிறவர்கள் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். படிப்பென்று எனக்கு வாய்த்தது அதுவும், பொட்டலம் மடிக்கிற பேப்பரும்தான்.

ஒரு நாள் அவள் அப்பாவின் சவரபிளேடால் ரேடியோவின் திருகாணியைத் திருகப் பார்த்தாள். பிளேடு பாதியாக உடைந்து கட்டைவிரலில் ஏறிவிட்டது. ரேடியோ முழுக்க ரத்தம். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒளித்து வைத்தால் தேடி எடுப்பாள்; தேடி எடுத்ததை ஒளிந்துகொண்டு பயன்படுத்துவாள். அதைவிட அவளுக்கென்று ஒன்றை, கையைக் கிழிக்காத ஒன்றை, நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் இரும்புச் சாமான் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், ஒரே பிடிக்குள் ஏழு சாமான் மடங்கியிருக்கிற ஒன்றை எடுத்துப் போட்டார். அதன் ஸ்பிரிங் விறைப்பில் திறப்பதற்குள் என் நகம் பிய்ந்தது. குழந்தை விரலை அது சும்மா விடாது. இன்னொன்று சுலபமாகத் திறந்தது, ஆனால் பூட்டு கிடையாது. அழுத்தினால் மடங்கிக் கைமேலேயே விழுந்தது. கடைசியில் காட்டினது ஒரு சின்னக் குறடு. வாய்ப்பக்கம் குறடு, அதன் தோளில் ஒரு குட்டிச் சுத்தி, ஒரு கைப்பிடியின் நுனி திருப்புளி, இன்னொரு நுனி ஆணி பிடுங்குகிற கவை. பிடிக்குள் ஒரு சின்னக் கத்தியும் மடங்கியிருந்தது. இரண்டு பிடிக்கும் நடுவில் என் உள்ளங்கைச் சதையை வைத்து அழுத்திப் பார்த்தேன். கவ்வவில்லை. முனைகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். பிசிறு இல்லை.

"பாய், இந்தக் கத்திய மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க."

"கத்தி இல்லாம இத எடுத்துக்கினு போயி இன்னாம்மா பண்ணுவ? மாப்பிள்ள இல்லாத கல்யாணம் மாதிரி இருக்கும்."

"மாப்பிள்ள இல்லன்னா கல்யாணத்துல சண்ட கம்மி பாய்."

அவர் சிரித்துக்கொண்டே பிணைப்பாணியைத் தட்டிக் கத்தியைக் கழற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகளை உட்கார வைத்துச் சட்டம் போட்டேன். உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும். கையில் வைத்துக்கொண்டு ஓடக்கூடாது. யாரிடமாவது கொடுக்கும்போது பிடியை அவர்கள் பக்கம் நீட்டிக் கொடுக்க வேண்டும். பிரிக்கிற சாமான் செத்த சாமானாக இருக்க வேண்டும். ஓடுகிற கடிகாரத்தையும் பாடுகிற ரேடியோவையும் தொட்டால் குறடு பரணுக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சொன்னபடியே நடக்கவும் செய்தாள். அவள் கையில் அதன் பிறகு ஒரு கீறல் விழவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. எங்கள் கடையில் நின்று அதைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. பேச்சு முற்றி, ஒரு வாரம் ரோடே நின்றுபோனது. பஸ் இல்லை, லாரி இல்லை. மரங்களை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ரோடு செத்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தவை நாய்கள்தான். நடு ரோட்டில் கால் நீட்டிப் படுத்துவிட்டன. அந்தச் சத்தமின்மையை எப்படிச் சொல்வேன்? உச்சி வெயிலில் கடையில் உட்கார்ந்திருந்தால், யாரும் தொடாத சோடா பாட்டிலுக்குள் கோலி தானாக ஒரு தரம் 'டிக்' என்று அசைவது கேட்கும். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பாட்டிலும் ஒன்றுபோல நிற்கும்.

சாய்ந்த மரங்களில் ஒன்று எங்கள் ஊர் ஆணிமரம்.

அது ஒரு கிழட்டுப் புளியமரம். பேய் பிடித்தவர்களைப் பூசாரி அதனடியில் உட்கார வைத்து உடுக்கை அடிப்பார். பேய் தன் பேரைச் சொன்னதும் உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அறைந்துவிட்டு முடியை அறுத்துவிடுவார். பேய் மரத்தோடு நின்றுவிடும், ஆள் வீட்டுக்குப் போய்விடலாம். அடிமரத்தில் கை வைக்க இடமில்லாத அளவுக்கு ஆணியும் முடியும். ரம்பம் வைத்தால் பல் உடையும் என்று விறகுக்காரர்கள்கூடக் கிட்டே போனதில்லை. அப்படிப்பட்ட மரம் ஒரு காலையில் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டு, சோப்பை நூலால் அறுத்தது போல வழவழப்பாக இருந்தது. மற்ற மரங்களை வெட்டினவர்கள் நாங்கள்தான் என்று மார்தட்டிச் சொன்னார்கள். இதை மட்டும் வெட்டினேன் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அடி அறுந்த பிறகும் அதன் இலைகள் பொழுது சாய்ந்தால் கூம்பின, விடிந்தால் விரிந்தன. அதைப் பார்த்தவர்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அதில் இருந்த ஆணிகளில் ஒன்று என் நாத்தனாருடையது. வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். கரும்புக் காட்டில் காய்ந்த தாளான சோகையை உரிக்கப் போகிற காலத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதி. இரண்டு பேரும் ஒரே தூக்கில் சோறு கொண்டுபோவார்கள். தண்ணீர் மொள்ளப் போன இடத்தில் அந்தப் பெண் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் என் நாத்தனார் செத்தவளின் குரலில் சிரிக்க ஆரம்பித்தாள். உச்சிப் பொழுதானால் தலையை விரித்துக்கொண்டு அந்தக் கிணற்றைத் தேடிப் போவாள். கழுத்தளவு தண்ணீரில் நின்றவளை என் வீட்டுக்காரர்தான் இழுத்து வந்தார். கொஞ்ச நாள் தூணில் கட்டி வைத்தோம். பிறகுதான் ஆணி அறைந்தது. அன்றிலிருந்து சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். சிரிப்பு மட்டும் போய்விட்டது. உயிர் தங்கினதே பெரிது என்று அதை நாங்கள் பெரிதுபடுத்தவில்லை.

ரோடு நின்று போயிருந்த அந்த வாரத்தில் ஒரு நடுப்பகல். நாத்தனார் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கடலை ஓடு நொறுங்குகிற சத்தம் மட்டும்தான் ஊரிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது.

"அண்ணி, என் முடியப் புடிச்சி இழுத்தியா?"

"நான் எங்க இருக்கேன், நீ எங்க இருக்கே? என் கையி இன்னா அனுமாரு வாலா?"

உச்சந்தலையைத் தடவிக்கொண்டு மறுபடியும் உடைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் போனது.

"இன்னொருவாட்டி இழுக்குது அண்ணி. வேரோட புடுங்குறாப்புல."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். வகிடு எடுத்து வாரிய தலை அப்படியே இருந்தது. பேன் கடித்திருக்கும் என்றேன். ரோட்டுப் பக்கம் கழுத்தை நீட்டி எதையோ கேட்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அப்புறம், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, சிரித்தாள். அந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் வெறும் ரோட்டில் தகர டப்பா குலுங்குகிற சத்தம் வந்தது. கிட்டே வர வரப் பெரிதானது. என் மகள். ஒரு கையில் பால்பவுடர் டப்பா, இன்னொரு கையில் ஒழுங்காக வாய் மூடிப் பிடித்த குறடு. அவளைக் கடைக்கு முன்பக்கம் இழுத்துக்கொண்டு போய் டப்பாவைத் திறந்தேன். முழுக்க ஆணி. துருப்பிடித்த ஆணி, வளைந்த ஆணி, லாட ஆணி. ஒவ்வொன்றிலும் முடி. செம்பட்டை முடி, நரை முடி, குழந்தை முடி.

"எங்கடி புடுங்கின இத?"

"ரோட்டுல கெடக்குதே, அந்த மரத்துல."

"யாரக் கேட்டுடி புடுங்கின?"

அவள் முகம் சுருங்கியது. "நீதானம்மா சொன்ன, செத்த சாமான்ல கை வெக்கலாம்னு? மரம் செத்துப்போச்சில்ல? உக்காந்துக்கினுதான் புடுங்கினேன். ஓடல."

சட்டம் என்னுடையது. வெட்டுமா, கவ்வுமா, குத்துமா என்று கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வாங்கினவளும் நான்தான். ஆணி பிடுங்குகிற கவை எதைப் பிடுங்கும் என்று யோசிக்கிற புத்தி எந்தத் தாய்க்கு இருக்கும்?

டப்பாவை ரோட்டில் கொட்டித் தேடினேன். நாத்தனாரின் ஆணி எனக்கு அடையாளம் தெரியும். எங்கள் பழைய கதவிலிருந்து எடுத்த பட்டை ஆணி அது, தலை சதுரமாக இருக்கும். கிடைத்தது. மற்றவையெல்லாம் கையில் பட்டால் துருவாக உதிர்ந்தன. இது மட்டும் நேற்று அடித்தது போல் பளபளத்தது. அதில் சுற்றியிருந்த முடி கருகருவென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். அன்று காலையில் வாரியது போல.

நிமிர்ந்தால் நாத்தனார் கடையோரமாக நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். போகும்போது கொண்டை தானாக அவிழ்ந்து விழுந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். மகளை அடிக்கக் கை ஓங்கினவர், ஓங்கின கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"மறுபடியும் கெணத்துக்குப் போயிட்டா இன்னா பண்றது? ஒவ்வொரு வாட்டியும் நான் பாத்துக்கினே இருப்பனா?"

அதுதான் எங்கள் இரண்டு பேர் நெஞ்சிலும் கிடந்த கல். பூசாரி எப்போதோ இறந்துவிட்டார். ஆனால் ஆணியும் முடியும் கையில் இருக்கின்றன. நிற்கிற புளியமரம் ஒன்றில் அறைந்துவிட்டால் போதும் என்றார் வீட்டுக்காரர். மறுநாள் காலையில் கிளம்பினோம். மலையடிவாரத்துச் சாமிக்கு விளக்குப் போட வேண்டும் என்று நாத்தனாரிடம் சொன்னோம். தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். மகளைத் தனியாக விட மனசில்லாமல் கூட்டிக்கொண்டோம். குறடு கடையிலேயே கிடந்தது. அவளே அதை உப்புச் சாக்குக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

ரோடு நெடுக அடிக்கட்டைகள். நிழலே இல்லாமல் ரோடு வெள்ளையாகக் கிடந்தது. எத்தனையோ தரம் போன ரோடு, எந்த இடத்தில் இருக்கிறோம் என்றே தெரியவில்லை. மரங்களை வைத்துத்தான் நாங்கள் இடம் சொல்லிப் பழகியிருந்தோம். அடிக்கட்டைகளின் மேல் காக்கைகூட உட்காரவில்லை. நாத்தனார் மட்டும் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் கொஞ்சம் தயங்கி, யாரையோ விசாரிப்பது போலத் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

அடிவாரத்தில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. பக்கத்தில் நாலு குடிசை. வீட்டுக்காரர் மடியிலிருந்து ஆணியையும், வீட்டிலிருந்து கொண்டுவந்த சுத்தியையும் எடுத்தார். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி முறத்தோடு ஓடி வந்தாள்.

"இன்னா பண்றீங்க?"

வீட்டுக்காரர் மென்று விழுங்கினார். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

"நல்லாருக்குதே ஞாயம்! கீழ இருக்கிற மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டு, உங்க பேய மட்டும் மலைக்கு ஏத்திக்கினு வரீங்களா? எங்க புள்ளைங்க இந்த மரத்துலதான் ஊஞ்சல் ஆடுது. உங்க ஊரு பேயி, உங்க ஊருல வெச்சிக்கோங்க."

"கொஞ்சம் மனசு வையி தங்கச்சி," என்றார் வீட்டுக்காரர். "இல்லாங்காட்டி இவ உசுரு போயிடும்."

"எவ உசுரு? இவளா? இவ நல்லாத்தான நிக்கிறா? நீதான் நடுங்கிக்கினு நிக்கிற."

நாத்தனார் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"அண்ணா, அத இப்படிக் குடு."

அவர் கொடுக்கவில்லை. அவளே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள்.

"அவ என்னக் கெணத்துல எறக்கலண்ணா. நாந்தான் அவளத் தேடிக்கினு எறங்கினேன். ஆம்புடல. அப்புறம் நீங்க ஆணி அடிச்சீங்க. இத்தினி வருஷமா மழையிலயும் வெயில்லயும் ரோட்டோரமே நின்னுக்கினு இருந்துருக்கா. பஸ்ஸுல போறவங்க வரவங்களயெல்லாம் பாத்துக்கினு. நான் அந்தப் பக்கம் போறப்ப ஒருவாட்டியாவது திரும்பிப் பாத்திருப்பனா?"

சொல்லிக்கொண்டே ஆணியில் சுற்றியிருந்த முடியை அவிழ்த்தாள். முடிச்சு விழுந்த நூலைப் பிரிப்பது போலப் பொறுமையாக. அவிழ அவிழ வந்துகொண்டே இருந்தது. பூசாரி அறுத்தது ஒரு சாண் முடி. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவள் கையில் சேர்ந்தது இடுப்பு வரைக்கும் தொங்கியது. மலைக்காரி இரண்டடி பின்னால் போனாள். நாத்தனார் அந்த முடியைத் தன் கூந்தலோடு சேர்த்துச் சுருட்டிக் கொண்டை போட்டாள். வெறும் ஆணியை மலைக்காரியிடம் நீட்டி, "இதுல இனிமே ஒண்ணும் இல்லக்கா. ஊஞ்சக் கயிறு மாட்டிக்கோ" என்றாள். மலைக்காரி வாங்கவில்லை. ஆணி மண்ணில் விழுந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

திரும்பும்போது ரோடு வேண்டாம், வரப்பு வழியாகப் போகலாம் என்றாள் நாத்தனார். வரப்பு வழி எந்தக் கிணற்றைத் தாண்டிப் போகிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவள் முன்னால் நடக்க, அடுத்து மகள், பின்னால் நான், கடைசியில் வீட்டுக்காரர். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. காற்று இல்லை. ஆனாலும் எங்களோடு கூடவே ஒரு ஓரத்தில் சோகை சரசரத்துக்கொண்டே வந்தது. நாத்தனார் தணிந்த குரலில் பேசிக்கொண்டே போனாள். யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, எந்த முதலாளி கூலியை ஏற்றினான், எந்தக் காட்டில் இப்போது கரும்பு போடுவதில்லை. ஒவ்வொரு சேதிக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்துவாள், பதில் கேட்கிற நேரம் அளவுக்கு. இரண்டு மூன்று தரம் சிரித்தாள். நேற்றுக் கேட்ட அதே சிரிப்புதான். நேற்று நான் அதைச் செத்தவளுடையது என்று நினைத்தேன். இன்று கிட்டத்தில் கேட்கும்போதுதான் தெரிந்தது, அது இவளுடையதும்தான். சேர்ந்தே சிரித்துப் பழகின இரண்டு பேரின் சிரிப்பில் எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

கிணறு வந்தது. மேடை கிடையாது, வரப்பின் ஓரத்திலேயே பாதாளமாகத் திறந்து கிடக்கும். பாசி படிந்த படிகள் உள்ளே இறங்கும். நாத்தனார் நின்றாள். குனிந்து பார்த்தாள். வீட்டுக்காரர் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தார். நான் கையை நீட்டி மறித்துக்கொண்டேன். ஏன் மறித்தேன் என்று இன்று வரை அவர் கேட்கிறார். பயத்தில் என் கை தானாகப் போனது என்றுதான் சொல்ல முடியும். தண்ணீர் கரும்பச்சையாக அசையாமல் இருந்தது. அதில் நாத்தனாரின் முகம் தெரிந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அவ்வளவுதான் பார்க்க முடிந்தது. அதற்கு மேல் பார்க்க நான் கழுத்தை நீட்டவும் இல்லை.

நாத்தனார் பக்கவாட்டில் திரும்பினாள்.

"இங்க வழுக்கும், பாத்து. என் கையப் புடிச்சிக்கோ."

சொல்லிவிட்டு வலது கையைப் பின்னால் நீட்டினாள். விரல்கள் எதையோ பற்றின மாதிரி மடங்கின. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு, கிணற்றை ஒட்டி மெல்ல நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். மேட்டில் ஏறினதும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "வாங்க அண்ணி, பசிக்குது. சோறு கொஞ்சம் ஜாஸ்தியா வடிச்சிடலாம்" என்றாள்.

வீட்டுக்காரர் விட்ட மூச்சு என் பிடரியில் பட்டது. என் மகள் நகரவில்லை. அத்தை கையை நீட்டினபோதே வரப்பை விட்டு இறங்கினவள், பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, சேற்றில் ஒரு காலை வைத்து நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடியும் வரப்பில் ஏறி நடந்தாள். யாருக்கடி வழி விட்டே என்று நான் கேட்கவில்லை. அத்தைக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டுத்தான் வீடு வரைக்கும் வந்தாள். நாங்களும் அவளை அவசரப்படுத்தாமல் பின்னாலேயே வந்தோம்.